அனுமதித் தாளில் ஒரு நிறுவனம், வகுப்பறை வேறொன்றில்: சீனத் தனியார் பள்ளியில் பத்து மாதங்கள்

சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று கடந்த சில ஆண்டுகளில் என்னிடம் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போலவே எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, மெட்ரிகுலேஷன் பள்ளியொன்றில் இருபதாயிரத்துச் சொச்சம் சம்பளத்துக்கு ஆறேழு ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இப்போதுதான் உட்கார்ந்தேன். 2018 ஆகஸ்ட் முதல் 2019 ஜூன் வரை ஹெனான் மாகாணத்தில், செங்சோ நகரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், விடுதியோடு கூடிய தனியார் பள்ளியொன்றில் நான் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயரையும் முகவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அனுமதி ஒரு நிறுவனத்தின் பெயரில், வேலை வேறொரு பள்ளியில் என்ற இதே ஏற்பாட்டை நடத்தும் பள்ளிகள் பல இருப்பதால், பெயரைவிட ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வதுதான் பயன்படும்.

திருச்சியிலிருந்த முகவர் எங்கள் பள்ளியில் முன்பு வேலை பார்த்த ஒருவர் மூலமாக அறிமுகமானவர். வீடியோ அழைப்பில் பத்து நிமிட நேர்காணல், அதன்பின் இரண்டே நாளில் வேலை உறுதி என்ற செய்தி. மாதம் 9,000 யுவான் சம்பளம், தங்குமிடம் இலவசம், வாரம் 20 பாடவேளை, ஆண்டு முடிவில் விமானக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அப்போது ஒரு யுவான் சுமார் 10 ரூபாய். ஆக, நான் வாங்கிக்கொண்டிருந்த 22,000 ரூபாய்க்குப் பதில் 90,000 ரூபாய். முகவர் கேட்ட 1,80,000 ரூபாயில் 80,000 ரூபாயை முன்பணமாகவும் மீதியை விசா வந்த பிறகும் கொடுத்தேன். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், டெல்லியிலுள்ள சீனத் தூதரகம் என்று மூன்று இடத்தில் சான்றொப்பம், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆனது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பதும், பதிவு உண்டா இல்லையா என்பதை இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். பார்த்தேன், அவர் பெயர் அதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் முதல் தவறு ஜூன் மாதம் நடந்தது. வேலைக்கான இசட் விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் சீன அரசு தரும் 'வெளிநாட்டவர் வேலை அனுமதி அறிவிப்பு' என்ற தாள் மின்னஞ்சலில் வந்தது. அதில் என் பெயர், பாஸ்போர்ட் எண், வேலை தரும் நிறுவனத்தின் பெயர், பதவி எல்லாம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தில் பள்ளியின் பெயர் இல்லை. செங்சோவிலுள்ள ஒரு வணிக ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதவி, சந்தைப்படுத்தல் மேலாளர். நான் கவனிக்காமலும் இல்லை, கேட்காமலும் இல்லை. "அது பள்ளியை நடத்துற குழுமத்தோட தாய் நிறுவனம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றார் முகவர். வேலையை விட்டுவிட்டதாக ஏற்கெனவே பள்ளியில் சொல்லிவிட்டேன், முன்பணமும் போய்விட்டது. நம்பினால்தான் கதை நகரும் என்ற நிலையில் மனிதர்கள் எதையும் நம்புவார்கள்.

ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஏப்ரல் முதல் சீனா முழுவதும் ஒரே வேலை அனுமதி முறை வந்தது. வெளிநாட்டுப் பணியாளர்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்தார்கள். மொழி ஆசிரியர்கள் பி வகை. பட்டம் வேண்டும், இரண்டு ஆண்டு அனுபவமோ கற்பித்தல் சான்றிதழோ வேண்டும் என்பதோடு, மொழி கற்பிப்பவர் பொதுவாகத் தம் தாய்நாட்டுத் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆங்கில ஆசிரியர் என்ற பெயரில் அனுமதி எளிதாகக் கிடைக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டிருப்பதால், வேறு நிறுவனம், வேறு பதவி என்று சுற்றுவழியில் ஆளை இறக்குகிறார்கள். என்னுடையது சுற்றுவழியிலும் கொஞ்சம் மதிப்பான வகை. எம் விசா என்ற வணிகப் பயண விசாவில் வந்து மழலையர் பள்ளியில் பாடம் நடத்தியவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கையில் வேலை அனுமதி என்று எதுவுமே இல்லை. நம்மவர்களில் முறையாகப் போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் ஆசிரியர்களுக்குத் தாய்மொழி விதி தடையாக இருப்பதில்லை. என்னிடம் கேட்பவர்களில் அறிவியல் பட்டம் உள்ளவர்களுக்கு அந்த வழியைத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 24 அன்று போய்ச் சேர்ந்தேன். முதல் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு, பிறகு மருத்துவப் பரிசோதனை, 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் பள்ளியின் அலுவலர் ஒருவர் உடன்வந்து முடித்துக்கொடுத்தார். வசிப்பு அனுமதி ஒட்டிய பாஸ்போர்ட் செப்டம்பர் இறுதியில் திரும்பி வந்தபோது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அலுவலகப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டார்கள். சீனாவில் 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையோ வசிப்பு ஆவணத்தையோ கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். வேலை கொடுப்பவர் அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்கியதில் மூன்று மாதம் போனது. டிசம்பரில் காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போகும்போது பாஸ்போர்ட் தேவைப்பட்டதால் வாங்கினேன், அதன்பின் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த மருத்துவச் செலவு 1,100 யுவானும் என் கைக்காசு. 2011-லிருந்தே வெளிநாட்டுப் பணியாளர்களுக்கும் சமூகக் காப்பீடு கட்ட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது, என் பெயரில் யாரும் ஒரு யுவான் கட்டியிருக்கவில்லை.

வேலை எப்படி இருந்தது என்றால், 20 பாடவேளை என்ற எண் மட்டும் உண்மை. ஒவ்வொரு வகுப்பிலும் 50 முதல் 60 பிள்ளைகள்; ஒரு வகுப்பை வாரத்துக்கு ஒரே முறை பார்ப்பேன் என்பதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள், ஒருவர் பெயரும் மனத்தில் நிற்காது. பாடம் இல்லாத நேரத்திலும் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை அலுவலகத்தில் உட்கார வேண்டும். மாலையில் விடுதிப் பிள்ளைகளின் சுயபடிப்பு நேரத்தில் வாரம் இரண்டு நாள் 'ஆங்கில மூலை' என்று ஒன்றை நடத்தச் சொன்னார்கள். அதற்குத் தனியாகப் பணம் இல்லை. அக்டோபரில் தேசிய தினத்தை ஒட்டி ஏழு நாள் விடுமுறை வந்தபோது மகிழ்ந்தேன். அதை ஈடுகட்ட முன்னும் பின்னும் சனி ஞாயிறுகளில் வேலை வைப்பது அந்நாட்டு வழக்கம் என்பது பிறகுதான் புரிந்தது. நாளைக் காலையில் என்ன மாற்றம் என்பது முந்தின இரவு பத்தரை மணிக்கு, செய்திக்கும் பணம் அனுப்பவும் அங்கே எல்லாரும் பயன்படுத்தும் வீசாட் என்ற கைபேசிச் செயலியில்தான் வரும். பிள்ளைகள் தங்கமானவர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜனவரிக் குளிரில் வகுப்பறையில் கையுறையோடு எழுதிக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் சுடுநீர்க் குடுவையை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கசந்தது வேறு. பெற்றோர் கேட்டால் லண்டனில் பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லும்படி முதல் வாரத்திலேயே முதல்வர் சொல்லியனுப்பினார். பொய் சொல்ல எனக்கு வராது என்பதால் சிரித்து மழுப்பினேன். மாணவர் சேர்க்கைக்கான திறந்தநாள் விழா வந்தபோது என்னை மேடையில் ஏற்றவில்லை. செங்சோவில் படித்துக்கொண்டிருந்த உக்ரைன் மாணவி ஒருத்தியை ஒருநாள் கூலிக்கு அழைத்துவந்து, எங்கள் ஆங்கில ஆசிரியை என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெண்ணின் ஆங்கிலம் என் ஏழாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலம்போல இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவளும் நானும் ஒன்றுதான், இருவருமே அந்த ஏழு நாட்டவர் இல்லை. பெற்றோரின் கண்ணில்தான் வேறு. அதே பள்ளியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த சக ஆசிரியர் 14,000 யுவான் வாங்கினார். அவருடைய அனுமதி பள்ளியின் பெயரிலேயே இருந்தது என்பதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை, சம்பள வித்தியாசத்திலேயே மனம் நின்றுவிட்டது.

சம்பளம் இரண்டு கையிலிருந்து வந்தது. 5,000 யுவான் ஆலோசனை நிறுவனத்திடமிருந்து வங்கிக் கணக்குக்கு, 4,000 யுவான் பள்ளிக் கணக்கரிடமிருந்து வீசாட்டுக்கு. முதல் மாதத்தில் வைப்புத்தொகை என்று 2,000 யுவான் பிடித்தார்கள். ஆண்டு முழுவதும் முடித்தால் திரும்பக் கிடைக்குமாம். 2019 பிப்ரவரி 5 அன்று சீனப் புத்தாண்டான வசந்த விழா, அதை ஒட்டிய குளிர்கால விடுமுறைக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பாதிச் சம்பளம். ஒப்பந்தத்தின் ஆங்கிலப் படியில் அப்படி எதுவும் இல்லை. சீனப் படியில் இருந்தது, முரண்பட்டால் சீனப் படியே செல்லும் என்று கடைசி வரியில் இருந்தது. கையெழுத்திடும் முன் சீனப் படியை நமக்கு வேண்டிய ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முகவரோ பள்ளியோ மொழிபெயர்த்துத் தருவது போதாது. வீட்டுக்குப் பணம் அனுப்பப் போனபோது இன்னொரு சிக்கல். வரி கட்டிய சான்றும் ஒப்பந்தமும் காட்டினால் சம்பளத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றித் தருவார்கள். காட்ட முடியாவிட்டால் ஒரு நாளைக்கு 500 டாலர் மதிப்புக்கு மேல் மாற்ற முடியாது. வீசாட்டில் வந்த பணத்துக்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. சம்பளம் முழுவதும் ஒரே நிறுவனத்திடமிருந்து வங்கி வழியாக, வரிப் பிடித்தச் சான்றோடு வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். பின்னால் வழக்கு என்று வந்தாலும் அந்த வங்கிப் பதிவுதான் பேசும்.

மார்ச் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில், பள்ளி உரிமையாளரின் உறவினர் நடத்திய மழலையர் பள்ளிக்கும் போகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 300 யுவான் என்றார்கள், கைக்கு வரவில்லை. இரண்டு முறை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே துணை ஆசிரியை ஓடிவந்து, இன்று ஆய்வு வருகிறது, பின்வாசல் வழியாகப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருங்கள் என்று என்னை அனுப்பினாள். முறையான ஆசிரியை ஏன் ஒளிய வேண்டும்? அப்போதுதான் பயம் பிடித்தது. செங்சோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நாமக்கல் தம்பி ஒருவரை, மாதம் ஒருமுறை மசாலாப் பொருள் வாங்கப் போகும்போது பழக்கம். அவரிடம் சொன்னேன். "அக்கா, உங்க அனுமதியில எந்தக் கம்பெனி இருக்கோ அங்க மட்டும்தான் நீங்க வேலை பாக்கலாம். எங்க சீனியர் ஒருத்தர் படிக்க வந்த விசாவுல டியூஷன் எடுத்து மாட்டி, படிப்பே போச்சு. நீங்க முதல்ல அந்தக் கிண்டர்கார்டனுக்குப் போறத நிறுத்துங்க" என்றார். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் ஏப்ரல் சம்பளம் தாமதமானது. இப்போது முறைத்துக்கொண்டால் அந்தச் சம்பளமும் போய்விடும் என்று நான் போட்ட கணக்கு, இந்தப் பத்து மாதத்தில் நான் போட்ட மிக மோசமான கணக்கு.

மே 18, சனிக்கிழமை காலை. இம்முறை பின்வாசலில் காவலர் நின்றிருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், அனுமதி அட்டையைக் கைபேசியில் சரிபார்த்தார்கள், குடிவரவுப் பிரிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஐந்து மணி நேரம். யாரும் குரல் உயர்த்தவில்லை, தண்ணீரும் நூடுல்ஸும் கொடுத்தார்கள், மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். ஆனாலும் என் கை கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தது. வாக்குமூலம் சீனத்தில் எழுதப்பட்டது; ஒவ்வொரு பத்தியையும் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுவேன் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய குடிவரவுச் சட்டப்படி, அனுமதி இல்லாமலோ அனுமதியில் உள்ள வரம்பை மீறியோ வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான மீறல் என்றால் அதோடு 5 முதல் 15 நாள் வரை காவலில் வைப்பார்கள். எனக்குக் குறைந்தபட்ச அபராதமான 5,000 யுவானும், வசிப்பு அனுமதி ரத்தும், பத்து நாளுக்கு மேல் கொஞ்சம் அவகாசத்தோடு நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவும். வேலைக்கு வைத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 10,000 யுவான் அபராதம் உண்டு. ஆனால் அவருக்கு அது தொழில் செலவு.

சட்டம் தெரியாது, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அங்கே சொன்னேன். அதிகாரி என் அறிவிப்புத் தாளின் நகலை எடுத்து, நிறுவனத்தின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, இதை நீங்கள் படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

மீதமிருந்த நாட்களில் சம்பளத்தை வாங்கப் பார்த்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளம் 18,000 யுவானும் வைப்புத்தொகை 2,000 யுவானும் நிலுவை. ஒப்பந்தத்தை நீங்கள்தான் முறித்தீர்கள், நீங்கள்தான் எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் இழப்பீடு தர வேண்டும் என்றது பள்ளி. பயிற்சிச் செலவு, போட்டி நிறுவனத்துக்குப் போகாதிருக்கும் உறுதி ஆகிய இரண்டைத் தவிர வேறு எதற்கும் பணியாளரிடம் ஒப்பந்த அபராதம் கேட்க முடியாது என்று சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது என்பதை நாமக்கல் தம்பியின் சீனத் தோழி தேடிக் கொடுத்தாள். தொழிலாளர் தகராறுகளுக்கு நடுவர் மன்றம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். நம்பிக்கையோடு இருவரும் போனோம். சன்னலில் இருந்த அம்மையார் தாள்களைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: எந்த நிறுவனத்தின் மீது மனு? அனுமதி தந்த நிறுவனத்தில் நான் ஒருநாளும் வேலை செய்யவில்லை. வேலை செய்த பள்ளிக்கு என்னை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அனுமதி இல்லாத இடத்தில் வெளிநாட்டவர் செய்த வேலையைத் தொழிலாளர் உறவாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. உரிமையியல் வழக்காகப் போடலாம், ஆனால் வழக்கறிஞர் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். என்னிடம் ஒன்பது நாள் இருந்தது.

அனுமதித் தாளில் வேறு நிறுவனத்தின் பெயர் இருப்பதைத் தவிர மற்ற எல்லாக் குறையையும் தாங்கிக்கொள்ளலாம், பேசித் தீர்க்கலாம், சகித்துக்கொண்டு ஆண்டை முடிக்கலாம். கூடுதல் நேரம், கடைசி நேர மாற்றம், பாதிச் சம்பளம் எல்லாம் முறையான அனுமதியோடு வந்த தென்னாப்பிரிக்கருக்கும் இருந்தவைதான். ஆனால் அவர் சண்டை போட்டார், போட முடிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவருக்கும் பாதிச் சம்பளம் என்றபோது நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று ஒரே வார்த்தை சொன்னார். மறுவாரம் முழுச் சம்பளம் வந்தது. பள்ளியை மாற்ற நினைத்தபோது பணிவிலகல் சான்றையும் அனுமதி ரத்துச் சான்றையும் கேட்டு வாங்கி, அடுத்த பள்ளிக்குப் போனார். அந்தச் சான்றுகளைத் தராமல் இழுத்தடிப்பதும் அங்கே வழக்கம்தான், அவரையும் ஐந்து வாரம் அலைய வைத்தார்கள். ஆனாலும் கேட்க அவருக்கு ஓர் இடம் இருந்தது.

கணக்கைச் சொல்கிறேன். அங்கே கைக்கு வந்தது 52,000 யுவான்; சாப்பாடு, பயணம், மருத்துவம் போக மிச்சம் பிடித்தது 31,000 யுவான், அதாவது சுமார் 3,10,000 ரூபாய். முகவருக்கு 1,80,000, ஆவணங்களுக்கு 34,000, போக விமானம் 31,000, அவசரத்தில் வாங்கிய திரும்பும் சீட்டு 28,000, அபராதம் ஏறக்குறைய 50,000 என்று செலவு 3,23,000 ரூபாய். வராமல் போன 20,000 யுவானை இதில் சேர்க்கவில்லை. திருச்சியில் அதே வேலையில் இருந்திருந்தால் பத்து மாதத்தில் வந்திருக்கும் 2,20,000 ரூபாயையும் சேர்க்கவில்லை.

பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு மதத் என்ற அரசுத் தளம் வழியாகப் புகார் கொடுத்தேன். பதில் வந்தது, பள்ளிக்கு ஒரு கடிதமும் போனதாகத் தெரிந்தது. மே 18-க்கு முன்பே, பின்வாசல் வழியாக முதல் முறை அனுப்பப்பட்ட அன்றே கொடுத்திருந்தால் ஒருவேளை பயன் இருந்திருக்கும். நான் திரும்பிய இரண்டே ஆண்டில், 2021 ஜூலையில், சீன அரசு தனிப்பயிற்சித் துறையையே கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சி நடத்துவதும் அதில் தடைப்பட்டது. எனவே மழலையர் பள்ளி, பயிற்சி மையம் என்று இப்போது யாராவது வேலை சொன்னால், அறிவிப்புத் தாளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வேலை சட்டப்படி இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வந்து முகவரின் மீது காவல்துறையில் புகார் கொடுத்தேன். பதிவு இல்லாமல் ஆள் அனுப்பியது குற்றம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்ன பிறகு, மூன்று தவணையாக 60,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். நான்காவது தவணைக்குக் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.